கண்ணை மூடிக்கொண்டு தண்ணீர் குடித்த உடும்பு

ஒரு காட்டில் மர்ம நாவல்களுக்கென்றே ஒரு நூலகம் இருந்தது. பெரிய இலுப்பை மரத்தின் அடிப்பொந்துதான் நூலகம். அதை நடத்தி வந்தவள் செவந்தி என்ற முள்ளம்பன்றி. மாதம் பிறந்தால் ஒரு புது நாவல் வரும். அதுவும் ஒரே ஒரு பிரதிதான் வரும். யாராவது அட்டையைக் கிழித்துக்கொண்டு வந்தால் செவந்தி வாய் திறந்து திட்ட மாட்டாள். முதுகு முட்களைச் சிலிர்த்துக்கொண்டு நிற்பாள். அதுவே போதும்.

அந்த நூலகத்துக்குத் தவறாமல் வருகிறவன் தவசி என்ற கீரி. அவசரமே உருவானவன். அறிவை வளர்க்க அவன் படிக்கவில்லை, பொழுது போகப் படித்தான். ஆனாலும் கருத்துகளுக்கு அவனிடம் பஞ்சமே இல்லை.

"மழை பெஞ்சுக்கிட்டே கதை ஆரம்பிச்சா அது நல்ல நாவல்" என்பான். "துப்பறியிறவரு உட்கார்ந்து டீ குடிச்சார்னா அந்தப் பக்கத்தைத் தள்ளிடலாம், ஒண்ணும் நடக்காது. முதல் அத்தியாயத்துல எவன் ரொம்ப நல்லவனா வர்றானோ, அவன் மேல ஒரு கண்ணு வச்சுக்கணும்."

இதெல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில் பெருமூச்சு விடுவான். "என்ன இருந்தாலும் அந்தக் காலத்து நாவல் மாதிரி வராது அக்கா. இப்ப வர்றதைப் படிச்சா நெஞ்சு படபடங்குறதே இல்லை."

அந்தக் காலம் என்று அவன் சொன்னது எந்தக் காலம் தெரியுமா, குழந்தைகளே? ஒச்சப்பன் கூட இருந்த காலம்.

ஒச்சப்பன் ஓர் உடும்பு. எதைப் பிடித்தாலும் விட மாட்டான். புத்தகமானாலும் சரி, நட்பானாலும் சரி, கோபமானாலும் சரி. தவசி மூன்று பக்கம் படிக்கிற நேரத்தில் அவன் ஒரு பக்கம் படிப்பான். பிரதி ஒன்றுதான் என்பதால் இருவரும் ஆற்றோரப் பாறையில் குப்புறப் படுத்துச் சேர்ந்தே படித்தார்கள்.

"புரட்டட்டுமா?" என்று கேட்பான் தவசி.

"இரு."

"இப்ப?"

"இருடா, இன்னும் நாலு வரி இருக்கு."

அந்த நாலு வரி முடிவதற்குள் தவசிக்கு உயிர் போய் உயிர் வரும். அப்படிக் காத்துக் கிடக்கும்போதுதான் கொன்றவன் யார் என்று இருவரும் ஊகிப்பார்கள். டாக்டர் என்பான் ஒருவன், அத்தை மகன் என்பான் மற்றவன். ஒரு தடவைகூட ஊகம் பலித்ததில்லை. முடிவு தெரிந்ததும் "அடப்பாவி, வக்கீலா?" என்று ஒருவர் முதுகில் ஒருவர் அறைந்துகொண்டு சிரிப்பார்கள். அதைவிட நல்ல நாட்கள் தவசிக்கு அதன் பிறகு வரவில்லை.

ஒரு நாள் 'உடைந்த சிம்னி விளக்கு' என்ற நாவலைப் பாதி படித்திருந்தார்கள். வெயிலுக்கு ஒச்சப்பன் சற்றே கண்ணயர்ந்தான். தவசியால் பொறுக்க முடியவில்லை. மெல்லக் கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டான்.

விழித்த ஒச்சப்பன் அவன் முகத்தைப் பார்த்தான். "கடைசிப் பக்கத்தைப் பார்த்தியா?"

"சத்தியமா இல்லை" என்றான் தவசி.

இரண்டு பக்கம் வரை வாயைக் கட்டிக்கொண்டு இருந்தான். மூன்றாவது பக்கத்தில் ஒச்சப்பன், "எனக்கு என்னமோ டாக்டர் மேலதான் சந்தேகம்" என்றதும், "டாக்டர் இல்லைடா, தோட்டக்காரன்" என்று கொட்டிவிட்டான்.

ஒச்சப்பன் புத்தகத்தை மூடினான். அதைத் தவசியின் பக்கம் தள்ளினான். ஆற்றைக் கடந்து அக்கரைக்குப் போய்விட்டான். அன்றோடு பேச்சு நின்றது.

தடுக்க ஆள் இல்லாமல் போனதால் தவசி எல்லா நாவலையும் கடைசிப் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தான். அப்போதுதான் காட்டைச் சுற்றிப் பார்க்க வந்த மனிதர் ஒருவர் தம்முடைய டேப்லெட்டை மறந்து வைத்துவிட்டுப் போனார். அது தவசியின் கையில் கிடைத்தது. அதற்குக் காட்டில் கரண்ட் ஏது என்று கேட்காதீர்கள். கீரி நாவல் படிப்பதை நம்பினீர்கள் அல்லவா? இதையும் நம்புங்கள்.

தவசி நகத்தால் அதில் படம் வரையக் கற்றுக்கொண்டான். யாரும் சொல்லித் தரவில்லை, அதுவும் படத்தைப் பார்த்தாலே தெரியும். எல்லாருக்கும் அவனுடைய மூக்கே இருந்தது. விரல் வரைய வராததால், எல்லாரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்கள். ரத்தம் மட்டும் தாராளமாக ஓடியது.

ஒரு கோடு தப்பினால் பின்னால் போக அந்தத் திரையில் ஒரு பொத்தான் இருந்தது. அதைத் தொட்டால் தப்பு இருந்த இடமே தெரியாது. அன்றைக்குப் பாறையில் சொன்ன சொல்லுக்கும் இப்படி ஒரு பொத்தான் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று தவசி அடிக்கடி நினைப்பான். நினைத்துவிட்டு அடுத்த கோட்டைப் போடுவான்.

புது நாவல் வந்தால் முதல் வேலையாகக் கொலைகாரனைப் படமாக வரைந்து, எல்லாரும் தண்ணீர் குடிக்கும் குளக்கரையில் டேப்லெட்டைச் சாய்த்து வைப்பான். மான் வந்து பார்க்கும். "உன் புண்ணியத்துல முந்நூறு பக்கம் மிச்சம்" என்று சொல்லிவிட்டுப் போகும். தவசிக்குப் பெருமை தாங்காது.

அந்தக் கோடையில் 'பாழுங்கிணற்றில் ஒரு பச்சைக் குடை' என்ற நாவல் வந்தது. தவசி வழக்கம்போல் நின்றபடியே கடைசிப் பக்கத்தைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான்.

"இதுலயும் படபடப்பு இல்லை அக்கா" என்றான்.

செவந்திக்கு எரிச்சலாக வந்தது. "நாவல்ல என்னடா குறை? சோத்தைத் தள்ளிட்டு ஏப்பத்தை மட்டும் கேட்டா எங்கே போறது? ஒச்சப்பனைப் பாரு, ஒவ்வொரு நாவலையும் இருபது நாள் வச்சுப் படிக்கிறான்."

தவசியின் காது நிமிர்ந்தது. "அவன் இங்கே வர்றானா? குளத்துப் பக்கம் நான் பார்த்ததே இல்லையே."

"எப்படிப் பார்ப்பே? நீ படத்தைப் போட்டு வைக்கிறேன்னுதான் அவன் அந்தப் பக்கமே வர்றதில்லை. ஆறு வத்தினதுலேர்ந்து மலைச்சுனையில போய்த் தண்ணி குடிச்சிட்டு இருந்தான். சுனையும் முந்தாநாள் வத்திப் போச்சு. இனி குளத்துக்குத்தான் வந்தாகணும்."

தவசி துள்ளிக் குதித்தான். ஒச்சப்பன் வரப்போகிறான். இத்தனை வருஷத்துக் கோபத்தை ஆற்ற இதைவிட நல்ல வாய்ப்பு ஏது? இதுவரை வரையாத அழகான படத்தை வரைந்து வைத்தால், பார்த்த கணமே நண்பன் மனம் இளகிவிடும் என்று கணக்குப் போட்டான். என்ன படம் என்று கேட்கிறீர்களா? வேறென்ன, பச்சைக் குடையும் கையுமாகக் கொலைகாரன். புத்தி அவ்வளவுதான் போயிற்று.

இரண்டு நாள் உட்கார்ந்து வரைந்தான். முதல் முறையாக விரல்கள்கூட ஓரளவு விரல் மாதிரி வந்தன. மூன்றாம் நாள் உச்சி வெயிலில் டேப்லெட்டைக் கரையில் நிறுத்திவிட்டு, புதருக்குள் ஒளிந்து காத்திருந்தான்.

ஒச்சப்பன் வந்தான். இளைத்திருந்தான். முதுகில் 'பச்சைக் குடை' நாவலைக் கொடியால் கட்டியிருந்தான், ஆரம்பப் பக்கங்களிலேயே ஓர் இலையை அடையாளமாக வைத்திருந்தான். அவன் கண்கள் இரண்டும் இறுக மூடியிருந்தன. நாக்கை நீட்டித் தரையைத் தொட்டுத் தொட்டு வழி தேடிக்கொண்டு, தட்டுத் தடுமாறித் தண்ணீர் ஓரத்துக்கு வந்து சேர்ந்தான்.

தவசி புதருக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தான். தன் படத்தைப் பார்க்கக் கூடாது என்பதற்காக ஒருவன் குருடன் போல் நடக்கிறான். அதுவும் ஒச்சப்பன்.

அப்போது தண்ணீர் லேசாக நகர்ந்தது.

ஆறு வற்றியதால் குளத்துக்குக் குடிவந்திருந்தது ஒரு முதலை. முதலை நாவல் படிப்பதில்லை, ஆனால் காத்திருக்கத் தெரியும். கண்ணைத் திறந்து குடிக்கிற மானும் முயலும் அதற்குச் சிக்கவில்லை. கண்ணை மூடிக் குடிக்கிற ஓர் ஆள் வந்ததும், சத்தமில்லாமல் மிதந்து வந்தது.

தவசி புதரிலிருந்து பாய்ந்தான். "ஒச்சு, கண்ணைத் திற! முதலை!"

ஒச்சப்பன் குடிப்பதை நிறுத்தினான். கண்ணைத் திறக்கவில்லை. "தவசியா? எதையாவது சொல்லிக் கண்ணைத் திறக்க வைக்கலாம்னு பாக்குறியா?"

"படத்தை அழிச்சிட்டேன்டா. நிஜமா அழிச்சிட்டேன்." சொல்லிக்கொண்டே திரையைத் தொட்டான். இரண்டு நாள் உழைப்பு ஒரு நொடியில் வெள்ளையாகிவிட்டது.

"அன்னைக்கும் கடைசிப் பக்கத்தைப் பார்க்கலைன்னுதானே சொன்னே?"

சொல்லி என்ன பயன்? தவசியின் பேச்சுக்கு மதிப்பு என்றோ போய்விட்டது. முதலையின் மூக்கு ஒச்சப்பனுக்கு ஒரு முழம் தள்ளி நீருக்கு மேலே எழும்பியது. தவசி யோசிக்கவில்லை. டேப்லெட்டை இரண்டு கையாலும் தூக்கி, பலம் கொண்ட மட்டும் முதலையின் வாயைப் பார்த்து எறிந்தான்.

வாய் படாரென்று மூடியது. கண்ணாடி நொறுங்கும் சத்தம் குளம் முழுக்கக் கேட்டது. ஒச்சப்பன் கண்ணைத் திறந்தான். ஒரு கை தூரத்தில் முதலையின் வாய். பல்லிடுக்கில் டேப்லெட்டின் பாதி மின்னிக்கொண்டிருந்தது. ஒரே தாவில் கரையேறி, இருவரும் மூச்சு வாங்க மேட்டுக்கு ஓடினார்கள். முதலைக்கு ஒரு வாரம் வயிறு சரியில்லாமல் போனதாகக் கேள்வி.

மேட்டில் நின்று ஒச்சப்பன் குளத்தைப் பார்த்தான். பிறகு தவசியின் வெறும் கையைப் பார்த்தான்.

"ரொம்பக் கஷ்டப்பட்டு வரைஞ்சியா?" என்று கேட்டான்.

"விரல்கூட வந்திருந்துச்சுடா" என்றான் தவசி.

ஒச்சப்பன் முதுகிலிருந்து நாவலை அவிழ்த்துக் கீழே வைத்தான். "படம்தான் போயிருச்சே. யாரை வரைஞ்சிருந்தேன்னு வாயாலயாவது சொல்லு. நீ உசிரைக் காப்பாத்தினவன், நான் கோவிச்சுக்க மாட்டேன்."

தவசியின் நாக்கு நுனிவரை அந்தப் பெயர் வந்தது. விழுங்கினான். மறுபடி வந்தது. மறுபடி விழுங்கினான்.

"சொல்ல மாட்டேன்" என்றான். "நீயே படிச்சுத் தெரிஞ்சுக்கோ."

ஒச்சப்பன் அவனை உற்றுப் பார்த்தான். பிறகு இலை வைத்திருந்த இடத்தில் புத்தகத்தைத் திறந்து, பக்கத்தில் ஓர் ஆள் படுக்க இடம் விட்டு நகர்ந்துகொண்டான்.

நீதி: தெரிந்ததையெல்லாம் சொல்லிவிடுபவனைவிட, நண்பனின் மகிழ்ச்சிக்காக அதை மனத்துக்குள் வைத்துக்கொள்பவனே நம்பத் தகுந்தவன்.