குறி தவறாத கட்டையன்

பட்! பட்! பட்!

கோரைப் புதருக்குப் பின்னாலிருந்து சத்தம் வந்தது. யாரோ தொடை தட்டுகிறார்கள். ஆளைத்தான் காணோம்.

குளத்தின் மேல் சாய்ந்த கருவேல மரத்தில், கிளை நுனியில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது நாரன் என்ற தூக்கணாங்குருவி. காற்றில் பிய்ந்துபோன கூட்டு வாசலைப் பின்னிக்கொண்டிருந்தது. உள்ளே அதன் குஞ்சுகள். ஒன்றுக்கும் இன்னும் இறகு முளைக்கவில்லை.

"வந்துட்டாங்களா?" என்று உள்ளேயிருந்து கேட்டது அதன் பெண்டாட்டி.

"வராம இருப்பாங்களா? வீரக்கதை நேரமாச்சே!" என்றது நாரன்.

கோரை விலகியது. குரங்குக் கூட்டம் வந்து கரையில் உட்கார்ந்தது. முன்வரிசையில் மூன்று நடுவயதுக் குரங்குகள். நடுவில் தலைவன் கட்டையன், வால் பாதிதான். ஒரு பக்கம் செம்மூஞ்சி, மறுபக்கம் தொங்கவாயன்.

"எங்க காலத்துல உண்டிவில் செய்யறதுக்கே ஒரு முறை இருந்துச்சு!" என்று ஆரம்பித்தது கட்டையன். "நல்ல கொய்யாக் கவட்டையா பார்த்து வெட்டணும். சாம்பல்ல புதைச்சு வாட்டணும்."

"புளியங்கவட்டை!" என்றது செம்மூஞ்சி. "கொய்யா எல்லாம் பல்லு முளைக்காததுங்க வச்சிருக்கும்."

"கவட்டையா முக்கியம்? ரப்பர்! சைக்கிள் டியூப்ல சிவப்புதான் துள்ளும்!" என்றது தொங்கவாயன்.

"எதா இருந்தா என்ன, எறியுற கை வேணுமில்ல?" கட்டையன் நெஞ்சை நிமிர்த்தியது. "மாந்தோப்புக் காவக்காரன் முண்டாசைப் பறக்க விட்டவன் நான்!"

"போன தடவை அவன் வாயிலிருந்த பீடியத்தானே அடிச்சீங்க, மாமா?" என்று கேட்டது துடுக்கி என்ற இளங்குரங்கு.

"முதல்ல பீடி. பட்டுத் தெறிச்சு அப்புறம் முண்டாசு. கல்லு ஒண்ணுதான்!"

பட்! பட்! கூட்டமே தொடை தட்டியது.

நாரன் மட்டும் வேறொன்றைக் கவனித்தது. கதை சூடு பிடிக்கும்போதெல்லாம் கட்டையனின் கை தானாகப் பின்பக்கம் போகும். அங்கே முடி முளைக்காத ஒரு தழும்பு. அதைத் தடவிக் கொடுத்துவிட்டுத் திரும்பி வரும். செம்மூஞ்சிக்கும் அதே இடத்தில் தழும்பு. தொங்கவாயனுக்கும்தான். எறிந்தவர்களுக்குப் பின்பக்கத்தில் எப்படித் தழும்பு வந்தது?

"ஒரு உண்டிவில் செஞ்சு காட்டுங்களேன், மாமா!" என்றது துடுக்கி.

கட்டையன் பின்பக்கத்தை ஒரு முறை தடவிக்கொண்டது. பிறகு, "செஞ்சிடுவோம்! நான் சொல்றேன், நீங்க செய்யுங்க" என்றது.

இளங்குரங்குகள் ஓடின. கவட்டை வந்தது. சாலையோரம் கிடந்த டியூப் வந்தது. சேற்றில் புதைந்த செருப்பிலிருந்து தோல் வந்தது. மரத்தில் சிக்கிய பட்டத்தின் நூலால் எல்லாவற்றையும் இறுக்கிக் கட்டின. "இதை எந்தப் பக்கம் பிடிக்கணும்?" என்று துடுக்கி கேட்டபோது மட்டும் மூன்று வீரர்களும் மூன்று திசையில் வேடிக்கை பார்த்தார்கள்.

"எதை அடிக்கிறது?" என்று கேட்டது துடுக்கி.

கட்டையன் அண்ணாந்து பார்த்தது. "அதோ, தொங்குதே ஒரு கூடு!"

நாரனின் அலகிலிருந்து புல் நழுவித் தண்ணீரில் விழுந்தது.

"அண்ணே! உள்ளே குஞ்சுங்க இருக்கு!"

"அட, விளையாட்டுக்குத்தானேப்பா! சின்ன வயசுல நாங்க பண்ணாத சேட்டையா? கூடு விழுந்தா இன்னொண்ணு பின்னிக்கோ. நீதான் கைகாரனாச்சே!"

கூட்டம் சிரித்தது.

"நீங்களே அடிங்க, மாமா!" என்று துடுக்கி உண்டிவில்லை நீட்டியது.

"நான் அடிச்சா கூடு மட்டுமா போகும்? மரமே போயிடும்! நீயே அடி."

துடுக்கி ஒரு கூழாங்கல்லைப் பொறுக்கியது. நாரனால் குஞ்சுகளைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாது. குரங்குகளோடு சண்டை போடவும் முடியாது. மிச்சமிருந்தவை அந்தத் தழும்புகள்தான்.

"அடிங்க, அடிங்க!" என்று சத்தமாகச் சொன்னது நாரன். "கூடு எங்கேயும் ஓடிடாது. ஆனா ரப்பர் நல்லதான்னு பார்த்தீங்களா? அறுந்து மூஞ்சியில அடிச்சா? பெரிய கைங்க எல்லாம் இழுக்குற சத்தத்தைக் கேட்டே ரப்பரை எடை போட்டுடுவாங்களாம். அண்ணனுக்குத் தெரியாததா?"

"தெரியாம என்ன!" என்றது கட்டையன். "இழு! என் காதுகிட்ட வச்சு இழு!"

துடுக்கி தலைவனின் காதருகே உண்டிவில்லைப் பிடித்து ரப்பரை இழுத்தது.

க்ரீஈஈச்...

கட்டையனின் கண் செருகியது. காது விறைத்தது. இரண்டு கைகளும் பின்பக்கத்தைப் பொத்திக்கொண்டன.

"காவக்காரன்டோய்ய்!"

அலறிக்கொண்டே அது பாய்ந்தது. அந்தப் பக்கம் செம்மூஞ்சி! இந்தப் பக்கம் தொங்கவாயன்! மூன்றும் பின்பக்கத்தைப் பொத்தியபடியே ஓடின. மரமேறக் கை வேண்டும் என்ற நினைப்பு அடிமரத்தில் முட்டிக்கொண்ட பிறகுதான் வந்தது. தலைவன் ஓடியதைப் பார்த்துக் கூட்டமும் ஓடியது. துடுக்கி உண்டிவில்லைக் கீழே போட்டுவிட்டு, புரியாமலே ஓடியது.

கரை வெறிச்சோடியது.

பாவம், மூன்றும் சின்ன வயதில் மாந்தோப்பில் திருடப் போய், காவல்காரனின் உண்டிவில்லால் கல்லடி வாங்கியவை. அந்த வலியைச் சொல்ல வெட்கப்பட்டுக் கதையில் கொஞ்சம் கொஞ்சமாக இடம் மாறி, ஒரு நாள் காவல்காரன் நின்ற இடத்துக்கே போய்விட்டன. உடம்பு மட்டும் பழைய இடத்திலேயே நின்றுவிட்டது.

மறுநாள் சாயங்காலம் கோரைக்குப் பின்னால் மறுபடியும் அதே பட்! பட்!

"நேத்து மட்டும் நான் குரல் கொடுக்கலைன்னா உங்க கதி என்ன ஆயிருக்கும்? துப்பாக்கியோடல்லவா வந்தான் காவக்காரன்!" என்றது கட்டையன்.

"அவன் ஒருத்தன்தானா, மாமா?" என்று கேட்டது துடுக்கி.

"இருட்டுல எண்ணவா முடியும்?"

நேற்று அவை ஓடியபோது வெயில் இறங்கக்கூட இல்லை. ஆனாலும் எல்லாரும் தொடை தட்டினார்கள்.

நாரன் அதைக் கேட்டுச் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. சேற்றில் கிடந்த உண்டிவில்லிலிருந்து அவிழ்த்துக்கொண்டு வந்த பட்ட நூல் அதன் அலகில் இருந்தது. நல்ல உறுதியான நூல். கிளை நுனியில் தலைகீழாகத் தொங்கி, அதைக் கூட்டு வாசலில் நுழைத்து, இழுத்து, மறுபடியும் பின்னத் தொடங்கியது.

தான் வாங்கிய அடியைத் தான் கொடுத்த அடியாகச் சொல்லித் திரிபவன், அதே அடியை ஒரு பாவமும் அறியாதவர் மேல் போடவும் கூசமாட்டான்.