இல்லைன்னு சொன்னது யாரு?

பாளையங்கோட்டையில ஒரு சின்ன கம்ப்யூட்டர் கம்பெனி. அங்க ஒரு குருவும் சிஷ்யரும் இருந்தாங்க. குருவுக்கு வயசு இருபத்தாறு, சிஷ்யருக்கு ஐம்பத்திரண்டு. சிரிக்காதீங்க, நெசமாத்தான். குரு பேரு நஸ்ரின். சிஷ்யர் தில்லைநாயகம், மருந்துப் பையைத் தூக்கிக்கிட்டு டாக்டர் வாசல் வாசலா ஏறி எறங்கின மனுஷன். அந்த வேலை போனதும், வீட்டுல சும்மா இருந்தா பெஞ்சாதி காய் நறுக்கச் சொல்லிருவான்னு பயந்து புரோகிராம் எழுதப் படிக்க வந்துட்டாரு. "குருவே"ன்னு மொதல்ல கேலியாத்தான் கூப்பிட்டாரு. பொறவு அதுவே நெலைச்சுட்டு.

அவருக்குக் கெடைச்ச மொத வேலை ஒரு ஆஸ்பத்திரியோடது. பழைய கம்ப்யூட்டர்ல இருந்து நோயாளிங்க விவரம் ஒரே ஃபைலா வரும். அதுல எல்லாமே வெறும் எழுத்து, வயசுகூட. அதை வாசிச்சு, வயசை எண்ணாக்கி, தேதியைத் தேதியாக்கி, மருந்து அலர்ஜியை உண்டு, இல்லைன்னு ரெண்டுல ஒண்ணாக்கி, ஒவ்வொரு ஆளையும் புது புரோகிராம்ல உக்கார வைக்கணும். கல்யாண வீட்டுல வண்டியில வந்து எறங்குற சாமானை அதது பாத்திரத்துல பிரிச்சுக் கொட்டுறோம்லா, அப்படின்னு வச்சுக்கோங்க. மறுநாள் காலையில இருந்து டாக்டருங்க இதைப் பாத்துதான் ஊசி போடணும்.

புரோகிராம் பாதியில நின்னுட்டு. செவப்பு எழுத்துல ஒரு வரி: அலர்ஜி கட்டம் காலி.

தில்லைநாயகம் தலையைச் சொறிஞ்சாரு. காலியா இருந்தா இல்லைன்னு போட்டுக்கோன்னு ஒரு வரி சேத்துட்டாரு. அவரு வீட்டம்மாவும் இப்படித்தான். உப்பு போட்டோமான்னு சந்தேகம் வந்தா, போடலைன்னே முடிவு பண்ணி இன்னொரு கை அள்ளிப் போட்டுருவா. சம்பந்தி வீட்டு ஆளுக சாப்பிட வந்த அன்னைக்கு அந்த ரசம்... சரி, அது கெடக்கட்டும்.

"குருவே, எல்லாரும் உள்ள போயாச்சு. ஒரு எரர் இல்ல. சரிதானா?"

நஸ்ரின் முறுக்கை ஒடிச்சு வாயில போட்டுக்கிட்டு ஸ்கிரீனையே பாத்துக்கிட்டிருந்தா.

"அண்ணாச்சி, மொதல்ல புரோகிராம் ஒரு ஆளுகிட்ட வந்து நின்னுச்சே, அவரு பேரு என்ன?"

"சுடலையாண்டி. ஆண்கள் வார்டு. காலையில ஆபரேஷன்."

"அவருக்கு அலர்ஜி இல்லைன்னு யாரு சொன்னது?"

"இந்தா, ஸ்கிரீன்ல போட்டிருக்குல்லா."

"ஸ்கிரீனுக்கு யாரு சொன்னது?"

"புரோகிராம்."

"புரோகிராமுக்கு?"

"நான்தான்."

"உங்களுக்கு?"

தில்லைநாயகம் பழைய ஃபைல்ல அந்தக் கட்டத்தைத் திரும்பப் பாத்தாரு. காலிதான்.

நஸ்ரின் போனை அவரு பக்கம் தள்ளினா. "வார்டுக்குப் போடுங்க."

வார்டு சிஸ்டர் எடுத்தாங்க. சுடலையாண்டிக்கு மருந்து அலர்ஜி உண்டான்னு கேட்டாரு. "நான் சாப்பிட உக்காருத நேரம் பாத்துதான் உங்களுக்குச் சந்தேகம் வருமா சார்? சரி, இருங்க, கேட்டுட்டு வாரேன்."

போன்ல யாரோ இருமுற சத்தம், ஸ்ட்ரெச்சர் உருளுற சத்தம். தில்லைநாயகம் போனைக் காதோட அழுத்திப் பிடிச்சிருந்தாரு. 'அலர்ஜி உண்டான்னு கேக்காம மட்டும் ஊசி போட்டுறாதீங்க டாக்டர்'னு மருந்துப் பையோட அலைஞ்ச காலத்துல வாசலுக்கு வாசல் சொன்ன ஆளு அவரு.

சிஸ்டர் திரும்பி வந்தாங்க. கொரலே மாறிப் போச்சு.

"சார், முன்ன ஒரு தடவை பென்சிலின் போட்டு மூச்சடைச்சுப் பொழைச்ச ஆளாம். அவரு சம்சாரம் சொல்லுதாங்க. இப்பவே டாக்டர்கிட்ட சொல்லிருதேன். நீங்க நல்லா இருக்கணும் சார். அந்தம்மா ஒங்களைக் கும்பிடுதாங்க."

போனை வச்சப்போ அவருக்குக் கண்ணு நெறைஞ்சுட்டு.

"குருவே, நான் பண்ணின காரியத்துக்கு என்னைப் போயி கும்பிடுதாங்களே. நான் உன்னையல்லா கும்பிடணும்."

"என்னையா? நான் முறுக்குல்லா தின்னுக்கிட்டிருந்தேன். சோத்தை விட்டுட்டு எந்திரிச்சுப் போயி கேட்டது அந்த சிஸ்டர்."

தில்லைநாயகம் போனை மறுபடி எடுத்து, சிஸ்டருக்கு ஒரு நன்றி சொல்லிட்டு வச்சாரு. பொறவு தான் சேத்த வரியை அழிச்சாரு.

"இன்னும் எத்தனை பேருக்குக் காலியா இருக்கோ. உண்டு, இல்லை, ரெண்டு எடந்தான் இருக்கு. கேட்டு முடிக்கிற வரைக்கும் இவங்களை நான் எங்க உக்கார வைப்பேன் குருவே?"

"தெரியாதுன்னு மூணாவதா ஒரு எடம் போடுங்க அண்ணாச்சி. அதைப் பாத்தாத்தான் டாக்டர் கேப்பாரு."