செருப்பைக் காணோம்

"பயன்படுத்துற சனம் ஒரு பக்கம் இழுக்குது, கம்பெனி ஒரு பக்கம் இழுக்குது. நடுவுல நான் என்னதாங்க பண்றது?"

ஜெசிந்தாவின் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தும் உட்காராமலும் கோதண்டம் புலம்ப ஆரம்பித்துவிட்டார். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் செல்போன் செயலி ஒன்றுக்குத் திரைகளை வடிவமைப்பது அவர் வேலை. அதைக் கற்றுக்கொடுத்தவர் ஜெசிந்தா. வயதில் இளையவர்தான். ஆனாலும் கோதண்டத்துக்கு அவர்தான் குரு.

"என்ன பண்ணச் சொன்னாங்க?"

"சந்தாவை நிறுத்துற பட்டனை ஒளிச்சு வைக்கச் சொன்னாங்க. வெச்சேன். அதையும் தேடிப் பிடிச்சு வர்றவங்களைத் தடுக்க ஒரு வரி கேட்டாங்க. எழுதினேன். சாயங்காலம் வெளியாகுது. மாட்டேன்னா வேலை போயிடுமுங்க."

செல்போனை நீட்டினார். ஜெசிந்தா அந்த வரியைப் படித்தார்.

"நான் வெறும் சம்பளக்காரன்" என்றார் கோதண்டம். அப்படிச் சொல்லிக்கொள்வதில் ஒரு சௌகரியம் இருக்கத்தான் செய்கிறது.

ஜெசிந்தா எழுந்துபோய்க் காபி போட்டுக்கொண்டு வந்தார்.

குடித்து முடித்ததும் கோதண்டம் எழுந்தார். "வர்றேங்க மேடம். ஸ்கூல் விடுற நேரம். மக கேட்டுல நிப்பா."

வாசலுக்குப் போனால் செருப்பைக் காணோம்.

"உள்ள எடுத்து வெச்சிருக்கேன்" என்றார் ஜெசிந்தா. "ஏன் போறீங்க, காரணம் சொல்லுங்க."

"சொன்னேனுங்களே, மக..."

"இன்னொரு காபி? இந்தத் தடவை முறுக்கும் உண்டு."

"விளையாடாதீங்க மேடம். பிள்ளை தனியா நிக்கும்."

"சரி, தர்றேன். 'என் பிள்ளையின் எதிர்காலத்தில் எனக்கு அக்கறை இல்லை'ன்னு ஒருதடவை சொல்லுங்க, தந்துடறேன்."

கோதண்டத்தின் முகம் செத்துப்போயிற்று.

ஒரு எழுத்துப் பிசகாமல் அவர் எழுதிய வரி. சந்தாவை நிறுத்த வரும் தாய் தகப்பன் அத்தனை பேரும் திரையில் அமுக்கியாக வேண்டிய வரி. வாயைத் திறந்தார். பள்ளிக்கூட வாசலில் பையும் கையுமாக நிற்கும் மகள் நினைவுக்கு வந்தாள். மூடிக்கொண்டார்.

"என்னால சொல்ல முடியலைங்க."

"சொல்ல வேணாம். அமுக்கினாப் போதும்." ஜெசிந்தா உள்ளங்கையைப் பட்டன்போல விரித்து நீட்டினார்.

கோதண்டத்துக்குக் கை எழவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

ஜெசிந்தா உள்ளே போய், இரண்டு செருப்பையும் தன் கையாலேயே எடுத்து வந்து அவர் காலடியில் வைத்தார்.

"ஐயோ, நீங்க போய்..." என்று பதறிக் குனிந்தார் கோதண்டம். குனிந்தவருக்கு நிமிர்ந்து அந்த முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

படியிறங்கும்போதே மேனேஜருக்குப் போன் போட்டார்.

"சார், சந்தா நிறுத்துற அந்தத் திரை வெளியாகக் கூடாதுங்க. நான் விடமாட்டேன்."

"என்னய்யா திடீர்னு? அந்த வரி ஒண்ணு போதுமே, ஒருத்தன் நிறுத்த மாட்டான். யார் எழுதினது அது, நீதானே?"

கோதண்டம் கடைசிப் படியில் நின்றார்.

"நான்தாங்க."