முதலிலிருந்து சொல்லு

கல்லூரி முதல்வர் ஞானசிகாமணிக்கு ஐம்பத்திரண்டு வயது. அவர் வராந்தாவில் வந்தாலே பிள்ளைகள் வாயை மூடிக்கொண்டு ஒதுங்கி நிற்பார்கள். அப்பேர்ப்பட்டவருக்கும் தலைக்கு மேல் போய்விட்டால் ஓடுகிற இடம் ஒன்றுதான்: தனக்குப் பாடம் சொன்ன மங்கையர்க்கரசி அம்மாவின் வீடு.

அன்றைக்கும் வேகாத வெயிலில், கையில் ஒரு ஃபைலோடு வந்து நின்றார். அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

“சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள ஒரு பொண்ணுக்கு ஹால் டிக்கெட் கொடுக்கணும்மா. இல்லேன்னா அவளுக்கு ஒரு வருஷம் போயிடும். ஹாஸ்டலையும் காலி பண்ணணும். போக வீடும் கிடையாது.”

“கொடேன்.”

“அட்டெண்டன்ஸ் பத்தல. கமிட்டிகிட்ட காரணத்தைச் சொன்னா விட்டுடலாம். அவ வாயே திறக்க மாட்டேங்கறா.”

பெண்ணின் பெயர் சந்தனமாரி. தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. போன ஆடி மழையில் மலை சரிந்து, அவள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகள் அத்தனையும் மண்ணுக்குள் போய்விட்டன. அப்பா, அம்மா, தம்பி மூன்று பேரும் போனார்கள். அவளை மட்டும் மறுநாள் உயிரோடு தோண்டி எடுத்தார்கள்.

“யார்கிட்டயுமே சொல்லலையா?”

“வகுப்பு டீச்சர்கிட்ட சொன்னா. அப்புறம் துறைத்தலைவர்கிட்ட. மூணாவதா எங்க கமிட்டி முன்னால வந்து நின்னா. ‘முதல்ல இருந்து சொல்லும்மா’ன்னேன். அப்படியே மயங்கி விழுந்துட்டா.”

“நடந்தது உனக்குத் தெரியாதா?”

“ஊருக்கே தெரியும்மா. பேப்பர்லயே வந்துச்சு. ஆனா ஃபைல்ல இருக்கணுமே! நான் இரக்கப்பட்டுத்தான் இந்தக் கமிட்டியையே ஆரம்பிச்சேன். இப்படி அடிபட்டு வர்ற பிள்ளைங்களை எப்படித்தான் நடத்தறது?”

பாவம், மனுஷர் கெட்டவர் இல்லை. அந்தப் பெண் விழுந்ததிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

அம்மா கீரைத் தட்டைத் தள்ளி வைத்தார்.

“பரிதி எப்படிப் போனான்?”

ஞானசிகாமணிக்குத் தூக்கிவாரிப் போட்டது. பரிதி அவருடைய ஒரே மகன். பதினோரு வருஷமாக அவர் வீட்டில் யாரும் அந்தப் பெயரை வாய்விட்டுச் சொன்னதில்லை.

“இப்ப எதுக்கும்மா அது?”

“சொல்லு.”

அம்மா கேட்டு அவர் மறுத்துப் பழக்கமில்லை. சொன்னார். பையன் கிணற்றுக்குக் குளிக்கப் போனது, படியில் செருப்பு மட்டும் கிடந்தது, இவர் குதித்துத் தேடியது, கையில் முதலில் தலைமுடி தட்டுப்பட்டது. சொல்லி முடிப்பதற்குள் சட்டையெல்லாம் வியர்த்து நனைந்துவிட்டது.

“சரியாக் காதில விழல. முதல்ல இருந்து சொல்லு.”

இது என்ன கொடுமை என்று அவர் அம்மாவைப் பார்த்தார். அந்த முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. மறுபடியும் தொடங்கினார். இந்தத் தடவை செருப்பு வரைக்கும்தான் வர முடிந்தது.

அம்மா எழுந்து போய் ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் கொண்டுவந்து வைத்தார்.

“வாயில வரலேன்னா எழுதிக் கொடு. எவ்வளவு நேரம் தண்ணியில கிடந்தான்னு தெளிவா எழுது.”

“அம்மா!” அவர் கத்தியேவிட்டார். “உங்களுக்குத் தெரியாதா? அன்னிக்கு அவனைத் துடைச்சுத் துணி மாத்தினதே நீங்கதானே! ஈவு இரக்கமே கிடையாதா உங்களுக்கு?”

“எனக்குத் தெரியும் சிகாமணி. ஃபைல்ல இல்லையே.”

சொல்லிவிட்டு அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஞானசிகாமணி அந்தப் பேனாவை எடுத்தார். சந்தனமாரியின் ஃபைலைத் திறந்து, ‘காரணம்’ என்று அச்சடித்திருந்த இடத்தின் குறுக்கே ஒரு கோடு போட்டார். அதன் கீழே கையெழுத்துப் போட்டார். மணி நாலாகியிருந்தது.

வாசல் வரைக்கும் போனவர் திரும்பி நின்றார்.

“அப்போ அவகிட்ட நான் எதுவுமே கேக்கக் கூடாதாம்மா?”

“கேளு. பரீட்சை ஹால்ல எந்த இடத்துல உக்காரணும்னு கேளு. கதவோரம்னு சொன்னாலும் சொல்லுவா.”

“அங்கேயே இடம் போட்டுக் கொடுத்துடறேன்.”

“ஏன்னு கேக்காதே.”