இரும்பு எண்ணெய் தேய்த்துக்கொண்ட சனிக்கிழமை

கல்லும் மூங்கிலும் இரும்பும் வாய் திறந்து பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், தெற்குக் கடற்கரையில் பவளாயி என்று ஒருத்தி இருந்தாள். பேசத் தெரிந்தவர்கள் யோசனை சொல்லாமல் இருப்பார்களா? அந்தக் கரையில் ஒரு பெண் அடுப்பு மூட்டினால் போதும், அம்மி ஒன்று சொல்லும், உலக்கை ஒன்று சொல்லும், சும்மா கிடக்கிற சிப்பிகூட ஒன்று சொல்லும். நல்லவேளை, எவர்சில்வர் அப்போது பிறந்திருக்கவில்லை. பிறந்திருந்தால் அதுவும் வந்து ஒன்று சொல்லியிருக்கும்.

பவளாயி நல்லவள்தான். ஆனால் கை சும்மா இருக்காது. அப்போதெல்லாம் மீனை நேராகக் கங்கின்மேல் போட்டுச் சுடுவதுதான் வழக்கம். இவள் போட்ட மீனை இருபது தடவை புரட்டுவாள், குத்திப் பார்ப்பாள், ஓரத்தைக் கிள்ளிப் பார்ப்பாள். கடைசியில் ஒரு பக்கம் கருகியும் மறுபக்கம் தோல் பிய்ந்தும் சாம்பலோடு அது எழுந்து வரும். அவள் புருஷன் திமிலன் அதையும் வாய் பேசாமல் தின்றுவிடுவான். வீட்டுக்குள் அவன் அப்படித்தான். வெளியே போனால்தான் அவனுக்கும் யோசனை பொங்கும்.

பருவத்தின் முதல் மீனைச் சுட்டுக் கடலாத்தாவுக்குப் படைக்கவேண்டும் என்பது அந்த ஊர் ஏற்பாடு. அந்த வருஷம் முறை பவளாயிக்கு வந்தது. வெள்ளிக்கிழமை படைத்தாள். கடலாத்தா ஒரு வாய் எடுத்துப் பார்த்துவிட்டு அலைக்குள் போய்விட்டாள்.

மறுநாள் சனிக்கிழமை காலையில் பவளாயி கரையில் காத்து நிற்க, திமிலனின் கட்டுமரம் கரைக்குத் திரும்பி வந்துகொண்டிருந்தது. கூப்பிடு தூரத்துக்கு வந்ததும் அப்படியே நின்றுவிட்டது. காற்று இருக்கிறது, துடுப்புப் போடுகிறான், மரம் அசையவில்லை.

“ஏட்டி பவளாயி!” என்று ஒரு குரல் அலைக்குள்ளிருந்து வந்தது. “உன் புருஷன நான்தான் பிடிச்சு வச்சிருக்கேன்.”

“ஐயோ, கடலாத்தா! அவரு என்ன செஞ்சாரு?”

“அவன் ஒண்ணும் செய்யல. நீதான் செஞ்ச. நேத்து நீ எனக்கு வச்சது மீனா, கரிக்கட்டையா? நான் முழுசாக் குடுத்தத நீ பிச்சுப் பிச்சு எனக்கே குடுக்கியே.”

ஓர் அலை வந்து மூன்று சங்கரா மீன்களைப் பவளாயியின் காலடியில் போட்டுவிட்டுப் போனது.

“இதுல ஒண்ணாவது எனக்கு ஒழுங்கா வரணும். தோல் கிழியக் கூடாது, கருகக் கூடாது, உள்ள பச்சையாவும் இருக்கக் கூடாது. கங்குப் புகையும் மணக்கணும். பொழுது சாயுமுன்ன வந்தா உன் புருஷன விடுதேன். வரலன்னா பிடிச்சவன நானே வச்சுக்கிடுதேன்.”

“அது எப்படி ஆத்தா முடியும்? நெருப்பு தொட்டா கருகத்தான செய்யும்?”

“நெருப்புக்கும் மீனுக்கும் நடுவுல எதையாவது வையி.”

“எத வைக்க?”

“அது உன் பாடு” என்று சொல்லிவிட்டுக் கடலாத்தா அடங்கிவிட்டாள்.

பவளாயிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. திமிலனைத் தவிர அவளுக்கு இந்த உலகத்தில் ஆள் கிடையாது. அவன் அங்கே கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், தலையில் வெயில் இறங்க உட்கார்ந்திருக்கிறான். குடிக்க ஒரு சின்னக் கலயத் தண்ணீர்தான் அவனிடம் உண்டு. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் அழக்கூட விடாமல் யோசனைக்காரர்கள் வந்து சேர்ந்துவிட்டார்கள்.

“என்ன வையி” என்றது பச்சை மூங்கில். “நான் தண்ணி குடிச்சு வளந்த உடம்பு. எனக்கு நெருப்பு ஒண்ணும் செய்யாது.”

“அவன் பேச்ச நம்பாத” என்றது தட்டைக்கல். “என்ன வையி. நான் சூடாக நேரம் ஆகும். ஆனா சூடானா ஆனதுதான்.”

“ஏட்டி, மூங்கில வை!” என்று கட்டுமரத்திலிருந்து திமிலன் கத்தினான். பவளாயி மூங்கிலை எடுக்கப் போனாள். “வேண்டாம், வேண்டாம், கல்ல வை!” என்று மறுபடி கத்தினான். கல்லை எடுக்கப் போனாள். “கல்லுன்னா புகை ஏறாதே, கடலாத்தா புகையத்தான கேட்டா?” என்றான். அவள் திருதிருவென்று விழித்துக்கொண்டு நடுவில் நின்றாள். கடைசியில் கல்லை விட்டு மூங்கிலைத் தூக்கினாள்.

கருவேலங்கரியை மூட்டிக் கங்காக்கி, மேலே மூங்கிலைக் குறுக்கும் நெடுக்கும் கட்டி மீனை வைத்தாள். கொஞ்ச நேரம் நன்றாகத்தான் இருந்தது. மூங்கில் பெருமையாகச் சிரித்தது. சிரித்துக்கொண்டே இருக்கும்போது அதன் கணு படாரென்று வெடித்தது. “அம்மாடி, சுடுதே!” என்று அலறிக்கொண்டு பாதி எரிந்த உடம்போடு அது தோப்பைப் பார்த்து ஓடியேவிட்டது. மீன் கங்குக்குள் விழுந்து போனது.

“நான்தான் கல்ல வைன்னு சொன்னேனே” என்றான் திமிலன்.

அப்போது பித்தளை மினுமினுத்துக்கொண்டு வந்தது. தானாகவே நீண்டு, மெலிந்து, வரிசைக் கம்பிகளாகத் தன்னைப் பின்னிக்கொண்டது. “பச்சப் புல்லும் கருங்கல்லும் நெருப்புக்கு ஆகுமா? எந்த வீட்டுலயும் என்னத்தான முன்னால எடுத்து வைப்பாங்க” என்றது. பார்க்க அத்தனை அழகாக இருந்தது. பவளாயி மயங்கிவிட்டாள்.

இரண்டாவது மீனுக்கு உப்பும் மிளகும் தட்டி, கைநிறையப் புளியும் கரைத்துப் பூசினாள். பித்தளைக் கம்பிமேல் வைக்கும்போது, முதல் மீன் விழுந்த பயத்தில் சொன்னாள்: “கெட்டியாப் பிடிச்சுக்கோ, என்ன?”

“ஓ, எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு!” என்றது பித்தளை.

உண்மையாகவே பிடித்துக்கொண்டது. வைத்து நாலு மூச்சு விடுவதற்குள் பவளாயி புரட்டப் போனாள், மீன் வரவில்லை. இழுத்தாள். தோலில் பாதி பித்தளையோடு தங்கிவிட்டது. போதாததற்கு, புளி பட்ட இடமெல்லாம் பச்சையாகக் களிம்பு ஏறியிருந்தது. இருக்கிறதையாவது கொடுப்போம் என்று அலையில் கொண்டுபோய் வைத்தாள். கடலாத்தா வாயில் வைத்த வேகத்தில் துப்பினாள். கட்டுமரம் ஒரு முழம் உள்ளே இழுபட்டது.

“எனக்குப் பிடிச்சிருந்துச்சு” என்று முனகிக்கொண்டே பித்தளை நடையைக் கட்டியது.

பொழுது உச்சி திரும்பிவிட்டது. மீதி ஒரே ஒரு மீன். கல் இன்னும் அங்கேயே கிடந்து, “நான் சொல்லுதது என்னன்னா” என்று தொடங்கியது. பவளாயி இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். யாரைக் கேட்பது, யாரை விடுவது என்று அவளுக்கு மண்டை குழம்பியது. புளி தப்பா, பித்தளை தப்பா, தன் கை தப்பா என்றுகூடத் தெரியவில்லை.

அப்போதுதான் கரைமணலில் ஒதுங்கிக் கிடந்த இரும்பு கண்ணில் பட்டது. உடம்பெல்லாம் துரு. காலையிலிருந்து அது ஒரு வார்த்தை பேசவில்லை.

“நீ ஏன் ஒண்ணும் சொல்லல?” என்றாள்.

“யாரும் கேக்கல” என்றது இரும்பு.

பவளாயிக்கு அந்தப் பதிலே பெரிய ஆறுதலாக இருந்தது. “நீ வாரியா?” என்றாள். அது எழுந்து வந்து கம்பிகளாக நீண்டு படுத்தது. துருவோடு எப்படி மீன் வைப்பது? நம் வீடுகளில் பாத்திரம் என்றால் என்ன செய்வோம்? புளியும் சாம்பலும் போட்டு விளக்குவோம். அவளும் அதையே செய்தாள், தேய் தேயென்று தேய்த்துத் தண்ணீர் விட்டுக் கழுவினாள். இரும்பு வெள்ளையாகப் பளபளத்தது. கடல்காற்று பட்டுக் காய்வதற்குள் மறுபடி அங்கங்கே சிவந்தது. தண்ணீரோடு சேர்ந்து சிவப்பு சொட்டுச் சொட்டாக வடிந்தது.

“அழுதியா?” என்று பதறினாள் பவளாயி.

“அழாம? நீ தேச்சது அழுக்க மட்டுமா? என் தோலையும் சேத்துல்லா தேச்சுட்ட.”

“பித்தளைய இப்படித் தேச்சா மினுங்குமே!”

“நான் பித்தளையா?”

“அப்போ உனக்கு என்னதான் செய்யணும்? சொல்லித் தொலையேன்!”

இரும்பு அவளைத் திருப்பிக் கேட்டது: “இன்னைக்கு என்ன கிழமை?”

“சனி.”

“சனிக்கிழமை யாரோட நாள்? அந்தச் சனி பகவானுக்கு எந்த உலோகம்?”

“நீதான்.”

“இன்னைக்கு ஊர்ல ஆம்பளைக எல்லாம் என்ன செய்வாக?”

“எண்ணெய் தேச்சுக் குளிப்பாக.”

“என் நாள்ல ஊரே தேச்சுக்கிடுது. எனக்கு மட்டும் ஒருத்தரும் ஒரு சொட்டு விட்டதில்ல” என்றது இரும்பு.

பவளாயி குடிசைக்குள் ஓடினாள். திமிலனின் தலைக்கென்று காலையிலேயே ஒரு கிண்ணம் நல்லெண்ணெய் எடுத்து வைத்திருந்தாள். அதைக் கையில் எடுத்தாள். மற்றச் சனிக்கிழமைகளில் அவன் முற்றத்தில் கோவணத்தோடு உட்கார்ந்து, ‘மெதுவாட்டி, மெதுவாட்டி’ என்று சொல்லிக்கொண்டிருப்பான். கிண்ணத்தோடு வெளியே வந்து இரும்புக்குக் கம்பி கம்பியாகத் தேய்த்துவிட்டாள்.

“ஏட்டி! அது என் எண்ணெய்ல்லா!” என்று கடலிலிருந்து குரல் வந்தது.

தேய்த்து முடித்ததும் பழக்கத்தில் அவள் கை சீயக்காயைத் தேடியது.

“ஐயோ, வேண்டாம்!” என்றது இரும்பு. “தண்ணியக் கண்டா மறுபடி அழுதுருவேன். அப்படியே தூக்கி நெருப்புல காய விடு.”

கங்கின்மேல் வைத்தாள். எண்ணெய் புகைந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரும்பு கறுத்து, வழவழவென்று ஒரு புதுத்தோல் போர்த்திக்கொண்டது. குளித்து வந்த ஆளைப்போல அதன் முகத்தில் ஒரு தெளிச்சி.

மூன்றாவது மீனுக்குப் புளி பூசவில்லை. உப்பும் மிளகும் மட்டும் தடவிக் கம்பிமேல் வைத்தாள். வைக்கும்போது வாய் பாழாய்ப்போக, பழையபடி, “பிடிச்சுக்கோ” என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகு நாக்கைக் கடித்து என்ன செய்ய? இரும்பு பிடித்துக்கொண்டது.

கொஞ்ச நேரத்தில் புகை எழுந்தது. “திருப்புட்டி, கருகுது!” என்றான் திமிலன். பவளாயியின் கை தானாகப் போய் வாலை மெல்ல இழுத்தது. மீன் வரவில்லை. தோல் இழுபட்டது.

“விடு” என்றாள் இரும்பிடம்.

“நீதான பிடிச்சுக்கச் சொன்ன?”

“இப்போ விடச் சொல்லுதேன்.”

“என் கையில என்ன இருக்கு? வெந்தா மீனே விடும்.”

“எப்போ வேகும்?”

“அது எனக்கு எப்படித் தெரியும்? நான் இரும்பு.”

பொழுது பனைமரத்து உச்சிக்கு இறங்கிவிட்டது. “திருப்புட்டி!” என்று ஒரு பக்கம் திமிலன். “கல்லுன்னா இப்படி ஆகாது” என்று இன்னொரு பக்கம் கல். பவளாயியின் விரல் பத்தும் துடித்தன. இழுத்தால் கிழியும். இழுக்காவிட்டால் கருகுமோ? கருகினாலும் அவன் போனான், கிழிந்தாலும் அவன் போனான். எது சரியென்று அவளுக்குச் சத்தியமாகத் தெரியவில்லை.

தெரியாத அந்த நேரத்தில் அவள் ஒன்று செய்தாள். இரண்டு கைகளையும் தன் தொடைக்கு அடியில் வைத்து, அவற்றின்மேல் அழுத்தி உட்கார்ந்துவிட்டாள். பிறந்ததிலிருந்து அவள் கை சும்மா இருந்தது அதுதான் முதல் தடவை. பயத்தில் கண்ணீர் வழிந்து மூக்குநுனியில் சொட்டியது. துடைக்கக்கூடக் கையை எடுக்கவில்லை.

கொழுப்பு உருகிக் கங்கில் சொட்டும் சத்தம் கேட்டது. பிறகு அந்தச் சத்தமும் குறைந்தது. மீனின் ஓரம் மெல்லத் தானாகவே எழும்பியது. பவளாயி தென்னமட்டைத் துண்டை அடியில் கொடுத்துப் பார்த்தாள். தோல் துளிகூட ஒட்டாமல் மீன் புரண்டு கொடுத்தது, முதுகில் பொன்னிறமும் கம்பி வரிகளுமாக. மறுபக்கத்துக்கும் அப்படியே கையின்மேல் உட்கார்ந்தாள். அந்த இரண்டாம் தடவைதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

வாழையிலையில் ஏந்திக்கொண்டு ஓடிப்போய் அலையில் வைத்தாள். பனையின் தூருக்குப் பொழுது இறங்கியிருந்தது. கடலாத்தா எடுத்தாள். ஒரு வாய் தின்றாள். இன்னொரு வாய் தின்றாள். முள் வரைக்கும் தின்றுவிட்டு மெல்லச் சொன்னாள்:

“பிடிச்சிருக்கு.”

பவளாயிக்கு உயிரே போய்விட்டது. “ஆத்தா! விடுதேன்னு சொன்னியே! இன்னும் பிடிச்சிருக்கேங்கியே!” என்று தலையில் அடித்துக்கொண்டு மணலில் விழுந்தாள்.

“அட கிறுக்கச்சி, நான் மீனச் சொன்னேன்!” என்று கடலாத்தா சிரித்த சிரிப்பில் ஓர் அலை எழுந்தது. அந்த அலையே கட்டுமரத்தைக் கொண்டுவந்து பவளாயியின் காலடியில் வைத்தது. திமிலன் இறங்கி, காய்ந்த தலையைத் தடவிக்கொண்டு, “எனக்கு எண்ணெய் மிச்சமிருக்கா?” என்று கேட்டான். அவள் அவன் கையைப் பிடித்தாள். பொழுது முழுக்க இருட்டும்வரை விடவில்லை.

இரும்பு விட்டதா, மீன் விட்டதா, கடல் விட்டதா என்பது பவளாயிக்குக் கடைசிவரை புரியவில்லை. ஆனால் அந்தச் சனிக்கிழமை தொட்டுத்தான், கங்கின்மேல் வைக்கிற இரும்புக் கம்பிக்குப் புளியும் சீயக்காயும் இல்லாத எண்ணெய்க் குளியல் நடக்கிறது; அது மீனைப் பிடித்துக்கொண்டால், தெரிந்தவர்கள் யாரும் இழுப்பதில்லை, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள்.