காலை எடுக்காத மாப்பிள்ளை

கரடிமடுவு மலையூரில் புத்தி என்பது மழை மாதிரி. எப்போதாவது பெய்யும், அதுவும் பக்கத்து ஊரில்.

அந்த ஊர்க் கனகசபைக்கு அன்று பத்தரை மணிக்கு அடிவாரக் கோயிலில் கல்யாணம். முகூர்த்தம் தப்பினால் பெண் கிடையாது என்று வருங்கால மாமனார் கறாராகச் சொல்லிவிட்டார். கனகசபையோ, வந்தால் சொந்தக் காரில்தான் வந்து இறங்குவேன் என்று வீம்பு பிடித்தான். காரில் எல்லாம் இருந்தது, பிரேக்தான் பிடிக்கவில்லை.

அடிவார மெக்கானிக் பீர்முகமது முந்தின நாளே புது கேலிப்பர் இரண்டை எடுத்துக் கொடுத்தார். "சக்கரத்தைக் கவ்விப் பிடிக்கிறது இதுதான். நானே வந்து மாட்டித் தர்றேன்."

"இதென்ன பெரிய கம்பசூத்திரமா பாய்? நீங்க போன்ல சொல்லுங்க, போதும்" என்றான் கனகசபையின் அண்ணன் மருதாசலம்.

விடிந்ததும் வேலை ஆரம்பமாயிற்று. "பழசைக் கழட்டித் தூரப் போடு" என்றார் பாய் போனில். மருதாசலம் பள்ளத்தாக்கு வரைக்கும் நடந்துபோய், போல்ட்டோடு சேர்த்து வீசிவிட்டு வந்தான். போல்ட்டைத் தேடி எடுக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. மகா கெட்டிக்காரன்!

ஒருவழியாகப் புதுசை மாட்டினார்கள். பிரேக் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டியதுதான் பாக்கி. கனகசபை பட்டு வேட்டியோடு உள்ளே உட்கார்ந்தான்.

"பிரேக்கை மிதிச்சுப் பிடி. நான் சொல்ற வரைக்கும் காலை எடுக்காதே" என்று போனிலேயே அவனுக்குச் சொன்னார் பாய்.

மருதாசலம் நட்டைத் திருகினான். காற்று புஸ்ஸென்று போனது, திரும்ப இறுக்கினான். அந்த நேரம் பார்த்து போனில் டவர் போய்விட்டது.

கனகசபை மிதித்தது மிதித்தபடி இருந்தான். மருதாசலம் பாறைமேல் ஏறி டவர் பிடித்து, பாயிடம் கேட்டுவிட்டு ஓடிவந்தான்.

"எடுக்கலாமாம்டா."

"இப்ப எங்கிட்டச் சொல்றது யாரு?"

"நான்தான்."

"நீ என்ன மெக்கானிக்கா?"

மருதாசலம் யோசித்துப் பார்த்தான். இல்லைதான். தம்பியின் அறிவை நினைத்து அவனுக்குக் கண் கலங்கியது. "அப்போ காரைப் பாறைகிட்டத் தள்ளிட்டுப் போவோம். பாயே உன் காதுல சொல்லட்டும்."

சக்கரத்துக்கு அண்டை கொடுத்த கல்லை எடுத்துவிட்டு ஊரே சேர்ந்து தள்ளியது. கார் அசையவில்லை.

"என்ன பிடி பாரு! புது கேலிப்பர்னா சும்மாவா?" என்று வியந்தது ஊர்.

கனகசபைக்குப் பெருமை தாங்கவில்லை. இன்னும் அழுத்தி மிதித்தான்.

மணி பத்தாயிற்று. பெண் கைவிட்டுப் போகுமே என்று அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. கால் மட்டும் அசைந்தால்தானே!

பொறுத்துப் பொறுத்துப் பார்த்த பாய் பைக்கில் மேலே வந்து சேர்ந்தார். "அறிவு கெட்டவனே, எடுடா காலை!"

எடுத்தான். சரிவில் நின்ற கார் கிளம்பிவிட்டது. "மிதிடா, மிதி!" என்று பாய் கத்துவதற்குள் முதல் வளைவைத் தாண்டியாயிற்று. ஸ்டியரிங்கைப் பற்றி யாரும் எதுவும் சொல்லி வைக்கவில்லை, அதனால் தானாகவே திருப்பினான். அவன் உயிர் தப்பியது அதனால்தான்.

பத்து இருபத்தைந்துக்குக் கோயில் வாசல் வைக்கோல்போரில் கார் புதைந்து நின்றது. மாமனார் கடிகாரத்தைப் பார்த்தார். "மாப்பிள்ளைன்னா இப்படி இருக்கணும்!" என்று பூரித்துப் போனார். அவரும் லேசுப்பட்டவர் இல்லை.

தாலியைக் கையில் கொடுத்ததும், பின்னாலேயே வந்து சேர்ந்த பாயைத்தான் பார்த்தான் கனகசபை.

"கட்டித் தொலைடா!"

மூன்று முடிச்சும் போட்டான். மேளம் ஓய்ந்தது, அட்சதை தீர்ந்தது, கூட்டம் கலைந்தது. முடிச்சைப் பிடித்த கை மட்டும் அப்படியே இருந்தது.

"கையை எடுங்க" என்றாள் மணப்பெண் செண்பகவல்லி பல்லைக் கடித்துக்கொண்டு.

"பாய் வந்து சொல்லட்டும்."

பாய் பந்தியில் உட்கார்ந்து, இரண்டாம் தரம் பாயசம் கேட்டுக்கொண்டிருந்தார்.