ஸ்லிப்பில் நின்றவர்

கனகசபாபதி பதினோரு வருடம் மாநில அணிக்கு ஆடியவர். இப்போது பன்னிரண்டு வருடமாகக் கிரிக்கெட் சங்கத்தின் செயலாளர். வெயிலில் நின்று ஆடியபோது வராத முதுகுவலி, நாற்காலியில் உட்கார்ந்தபின் வந்தது.

இன்னொரு முறையும் தேர்தலில் நிற்கச் சொல்லி எல்லோரும் நெருக்கினார்கள். மனு போட மறுநாள்தான் கடைசி. அவர் காரை எடுத்துக்கொண்டு தேவசகாயத்தின் வீட்டுக்குப் போனார்.

தேவசகாயம் அவருடைய பழைய கேப்டன். இரண்டு வயதுதான் மூத்தவர். ஆனால் ஆட்டத்தில் சபாபதி கற்றுக்கொண்டதெல்லாம் அவரிடம்தான்.

கேப்டன் சாப்பாட்டு மேஜையில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். பாதிக் கட்டைச் சபாபதி பக்கம் தள்ளினார்.

"சும்மா உட்காராதே."

சபாபதி உருவ ஆரம்பித்தார்.

"நிக்கட்டுமா கேப்டன், வேண்டாமா?"

"உனக்கு என்ன தோணுது?"

"அலுப்பா இருக்கு. ஆனா நான் போயிட்டா சங்கம் என்ன ஆகும்னு எல்லாரும் பயப்படுறாங்க."

"ஆடுறதை விடணும்னு உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"முட்டி வலின்னு அப்பவே சொன்னேனே."

"அது பத்திரிகைக்காரங்களுக்கு."

சபாபதி இரண்டு காம்பு உருவினார். பிறகு, மனைவியிடம்கூடச் சொல்லாததைச் சொன்னார்.

"கீப்பருக்குப் பக்கத்துல, ஸ்லிப்ல நிக்கிறேன். மட்டை ஓரத்துல பட்டா என் கைக்குத்தான் வரும். அந்தப் பந்துக்காகவே காத்துக் கிடந்தவன் நான். ஒருநாள் பவுலர் ஓடி வர்றான், என்கிட்ட வரக்கூடாது, என்கிட்ட வரக்கூடாதுன்னு வேண்டிக்கிட்டு நிக்கிறேன். அப்பவே தெரிஞ்சுபோச்சு."

"அன்னைக்கே விட்டியா?"

"இல்லை. ரெண்டு சீசன் ஓட்டினேன்."

"எத்தனை கேட்ச் விட்டே?"

"முதல் சீசன்ல ஒன்பது. அடுத்த சீசன்ல ஒண்ணும் விடலை. நீங்கதான் என்னைப் பவுண்டரிக்கு அனுப்பிட்டீங்களே, முட்டிக்கு நல்லதுன்னு."

"முட்டி வலிக்கிறவனை எவனாவது பவுண்டரியில ஓட விடுவானா?"

சபாபதியின் கை நின்றது.

"உங்களுக்குத் தெரியுமா?"

"ஸ்லிப்ல உன் பக்கத்துலதானே நின்னேன்."

வெளியே காய்கறி வண்டிக்காரர் கூவிக்கொண்டு போனார். சத்தம் தேய்ந்து அடங்கியது.

"திங்கட்கிழமை தர்மபுரியிலேருந்து ஒரு பொண்ணு வந்திருந்தா கேப்டன். நல்லாப் பந்து போடுறவ. கோச் மேல ஏதோ புகார். யார்கிட்டயும் சொல்ல மாட்டேன், செயலாளர்கிட்டதான் சொல்வேன்னு உட்கார்ந்துட்டா."

"என்ன சொன்னா?"

"தெரியாது."

கேப்டன் நிமிர்ந்து பார்த்தார்.

"நான் ஊர்ல இல்லைன்னு சொல்லச் சொல்லிட்டு, பின்பக்கப் படி வழியா இறங்கிப் போயிட்டேன். ஆபீஸ் பூட்டுற வரைக்கும் இருந்தாளாம்."

"பேரு என்ன?"

"கேட்டுக்கலை."

கேப்டன் கீரையில் கிடந்த பழுத்த இலைகளைப் பொறுக்கி ஓரமாக வைத்தார். சபாபதி நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

"அதுக்காகவே இன்னொரு தடவை நிக்கலாம்னு தோணுது. இனிமே ஒழுங்காப் பார்த்துக்குவேன். நீங்க சொல்லுங்க கேப்டன். நிக்கிறதா, விடறதா? நீங்க சொன்னா செஞ்சிடறேன்."

"அன்னைக்கு உன்னை ஸ்லிப்லேருந்து நகர்த்த நான் இருந்தேன் சபா," என்றார் தேவசகாயம். "செயலாளரை நகர்த்தக் கேப்டன் கிடையாதுப்பா."